பேச்சில்லாத அழைப்பு

ரேணுகா கோபப்பட்டு அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. மரக்காணம் கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடியில், உப்பங்கரை அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் அறையில், ஏழு வருடமாகப் போன் எடுக்கிறாள். குடித்துவிட்டுக் கண்டபடி பேசுகிறவர்களிடம்கூட "சரிங்க, வைக்கிறேங்க" என்றுதான் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் சித்திரை மாதத்துப் பகல் ஒன்றில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் அடித்துவிட்டு எழுந்து நின்றாள்.

ஈசிஆர் சாலையில் காரில் போன யாரோ ஒருவர், உப்பளத்து ஓரம் வேப்பமரத்தடியில் ஒரு ஆள் செத்துக் கிடக்கிறான் என்று போன் செய்திருந்தார். இறங்கிப் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிரைவர் அந்தோணிசாமி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். போய்ப் பார்த்தால், விடியற்காலையிலிருந்து உப்பு வாரிய களைப்பில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கூலிக்காரர் தூங்குகிறார். எழுப்பியதும், "இன்னாபா, எங்க கூப்புடுறீங்க?" என்று கண்ணைக் கசக்கினாராம். இதை அந்தோணிசாமி போனில் சிரித்துக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள் கந்தாட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி, ரத்தம் நிற்கவில்லை. அறக்கட்டளைக்கு இருந்தது ஒரே வண்டி. அது சாலையின் மறுகோடியில் நின்றது. அந்த வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு ஷேர் ஆட்டோவில் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

தூங்கிய மனிதர்மேல் தப்பில்லை. கார்க்காரரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல்தான் ஹெட்போன் அடி வாங்கியது.

மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கிவந்தாள். வருகிற ஒவ்வொரு அழைப்பையும் எழுதினாள். யார், எங்கிருந்து, என்ன சொன்னார்கள், வண்டி போனதா, போன இடத்தில் என்ன இருந்தது. ஆறு மாதம் எழுதிய பிறகு எடுத்துப் பார்த்தால், வண்டி கிளம்பியதில் கிட்டத்தட்ட பாதி வீண். சண்டையில் மிரட்டுவதற்காகக் கூப்பிட்டவர்கள், ஒரே விபத்துக்குப் பத்துப் பேர் தனித்தனியாகக் கூப்பிட்டு இடத்தை மாற்றி மாற்றிச் சொன்னவர்கள், வண்டி வருமா என்று சும்மா போட்டுப் பார்த்தவர்கள். இவற்றையெல்லாம்விட அதிகமாக இருந்தவை பேச்சில்லாத அழைப்புகள். போன் அடிக்கும், எடுத்தால் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அளத்தில் வேலை செய்கிறவர்கள் போனை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். உப்புத் தண்ணீர் திரையில் பட்டால் போன் தானாகவே யாரையாவது கூப்பிடும். ஆம்புலன்ஸ் நம்பரை முதல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது அறக்கட்டளைதான். அதனால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் ரேணுகாவைத்தான் கூப்பிட்டது. அப்படி வந்தவை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. காற்றையும் தூரத்து மோட்டார் சத்தத்தையும் வைத்து எந்த அளம் என்று குத்துமதிப்பாகச் சொல்லி, சிலவற்றுக்கு வண்டியையும் அனுப்பியிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட நிஜமில்லை.

அளத்துச் சத்தங்கள் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவளும் அங்கே கூடை சுமந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருமே அளத்துக் கூலி. அவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய வருடம், வெள்ளை உப்பின் கூச்சத்தில் அம்மாவுக்குக் கண் மங்கிப்போனது. அந்தக் கூடையை ரேணுகா எடுத்தாள். பதினோரு வருடம் சுமந்தாள். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் நிரப்பி, வரப்பு வழியாக நடந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். ஈர உப்புக் கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஜோடியாக ஒரு ஆள் தூக்கிவிட வேண்டும். ரேணுகாவுக்குத் தூக்கிவிட்டவள் சின்னப்பாப்பா. இவளைவிடப் பதினான்கு வயது மூத்தவள். புருஷன் மாயவன் அதே அளத்தில் உப்பு வாருகிறவர். அறக்கட்டளையில் பன்னிரண்டாவது படித்த பெண் வேண்டும் என்று கேட்டபோது ரேணுகா தயங்கினாள். பாத்தியில் நின்றவாறே அவளைத் திட்டி அனுப்பியதும் சின்னப்பாப்பாதான். உன் குரல் நல்ல குரல், இங்கே கூடைக்குக் கீழே அது யாருக்குப் பிரயோசனம் என்று கேட்டாளாம்.

ரேணுகாவின் கணவர் மணிவண்ணனுக்கு ஆரோவில்லில் தோட்ட வேலை. அங்கே ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் செந்தமிழ் என்று ஒரு பெண், கிளியனூர்க்காரி, பஸ்ஸில் வந்துபோகிறவள். மனைவியின் நோட்டைப் பற்றி மணிவண்ணன் அவளிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமையே அவள் மரக்காணத்துக்கு வந்து இறங்கினாள். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்ததும், "அக்கா, இதுக்கு ஒரு ஆப் பண்ணலாம். நீங்க எப்பிடி யோசிக்கறீங்களோ, அதை நான் போன்ல எழுதிடறேன்," என்றாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. சனி, ஞாயிறுகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் என்ன கேட்க வேண்டும், அடுத்து என்ன கேட்க வேண்டும், ஒரே இடத்திலிருந்து நான்கு பேர் கூப்பிட்டால் எப்படி ஒன்றாகச் சேர்ப்பது, படம் எடுத்து அனுப்பச் சொல்லலாமா என்று ஒவ்வொன்றாக ரேணுகா சொல்லச் சொல்ல செந்தமிழ் எழுதிக்கொண்டாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் ரேணுகாவின் குரலிலேயே பதிந்தார்கள். திரையில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அமுக்கினால், "ஆபத்து நெஜந்தானா? நெஜம்னா பச்சைய அமுக்குங்க," என்று ரேணுகாவின் குரல் கேட்கும். பச்சையை அமுக்கினால் அறையில் மணி அடிக்கும், வண்டி கிளம்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தமிழ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சிவப்பை அமுக்கிட்டு, பச்சைய அமுக்கலைன்னா இன்னாக்கா பண்றது? போன் பண்ணாலும் எடுக்கலைன்னா?" என்று கேட்டாள்.

ரேணுகா நோட்டைப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணின்மேல் விரலை வைத்தாள். ஆப் தானாக இரண்டு முறை திருப்பிக் கூப்பிடட்டும், எடுக்கவில்லை என்றால் தவறு என்று போட்டு மூடிவிடட்டும் என்றாள்.

"நிச்சயமாவாக்கா?"

"ஆறு மாசம் பார்த்தாச்சும்மா. ஒண்ணுகூட நெஜமில்ல. மூடிடு."

செந்தமிழ் எழுதிக்கொண்டாள்.

தை மாதம், உப்பு வேலை தொடங்குகிற சமயத்தில் ஆப் வெளியே வந்தது. ரேணுகா லீவு நாட்களில் தெருத்தெருவாகப் போய் அளத்து ஆட்களின் போன்களில் அதை ஏற்றிக்கொடுத்தாள். சின்னப்பாப்பா வீட்டுக்கு முதலிலேயே போனாள். மகள் பூஜா வாங்கிக்கொடுத்த டச் போன் அவளிடம் இருந்தது. வாசலில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரேணுகா சொன்னபடி சிவப்பை அமுக்கினாள், பச்சையை அமுக்கினாள். போனுக்குள்ளிருந்து ரேணுகாவின் குரல் வந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பத் திரும்ப நான்கு முறை அமுக்கிக் கேட்டாள். ரேணுகா அறைக்குப் போன் போட்டு, வண்டியை அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நான்கே மாதத்தில் வீண் ஓட்டம் மாதம் ஐம்பதிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது. நெஞ்சுவலி வந்த ஒரு மீனவரை ஒன்பது நிமிடத்தில் போய் எடுத்தார்கள். பாம்பு கடித்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். அந்தோணிசாமிக்கு மத்தியானச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. அறக்கட்டளைச் செயலாளர் தட்சணாமூர்த்தி, கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்து, பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களை வரவழைத்து, ரேணுகாவை மேடையேற்றிப் பேசச் சொன்னார். அவள் எழுதி வைத்திருந்ததைப் பாதி மறந்து பாதி சொன்னாள். கைதட்டினார்கள். பின்வரிசையில் சின்னப்பாப்பா எழுந்து நின்று கைதட்டினாள்.

வைகாசி பாதியில் வெயில் ஆளைக் கொல்கிற மாதிரி அடித்தது. அளத்தில் பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மாயவனுக்கு முதலாளி வேறு அளத்தில் மோட்டார் பார்க்கும் வேலை கொடுத்திருந்தார். சின்னப்பாப்பாவின் பாத்தியில் ஏழெட்டுக் கூடை உப்பு மிச்சம் இருந்தது. கூட இருந்த பெண்கள் கூப்பிட்டதற்கு, நீங்கள் போங்கள், பாதிப் பாதியாக எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாளாம். மாயவன் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, சோறு மூடியபடியே இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப அளத்துக்கு நடந்தார். இரண்டு பாத்திக்கு நடுவே வரப்பில் ஒருக்களித்துக் கிடந்தாள். போன் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீரில் கிடந்தது. கூடை கவிழ்ந்திருந்தது. உடம்பு அதற்குள் குளிர்ந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பாக இருக்கும், வெயிலும் சேர்ந்திருக்கும் என்றார்.

ரேணுகா செய்தி கேட்டதும் வேலையை அந்தோணிசாமியிடம் விட்டுவிட்டு ஓடினாள். மற்ற பெண்களோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். குளிப்பாட்டும்போது கால்களைப் பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. உப்பில் வெடித்து வெடித்து இறுகிய அந்தப் பாதங்களைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தபோதுகூட அவளுக்குப் போன் ஞாபகம் வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். தனியாக இருந்தவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று இன்னொருத்தி சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தாள். வாரக் கடைசியில், ஆப் தவறு என்று மூடிய அழைப்புகளைப் பட்டியல் எடுத்துச் செயலாளருக்குக் கொடுப்பது வழக்கம். யாரும் படிப்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பார்கள். ரேணுகாவும் எண்ணிக்கை போடத்தான் விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை வரிசையில் விரல் நின்றது. பதினொன்று பதினேழுக்குச் சிவப்புப் பொத்தான். பதிலில்லை. திருப்பி அழைத்தது ஒரு முறை, எடுக்கவில்லை. இரண்டாம் முறை, எடுக்கவில்லை. தவறு. மூடப்பட்டது. நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு அழைப்பு வந்தது. எடுத்துப் பேசி வண்டியை அனுப்பினாள். அந்த அழைப்பில் என்ன பேசினோம் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. அப்புறம் செந்தமிழுக்குப் போன் போட்டாள்.

செந்தமிழ் அன்று மாலையே லேப்டாப்போடு வந்தாள். ஆப் தன் பங்குக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. சிவப்பை அமுக்கிய பிறகு அந்தத் திரையில் பதினாறு தொடுதல்கள் விழுந்திருந்தன. மேலே, கீழே, ஓரத்தில் என்று சிதறியிருந்தன. பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஐந்து. பொத்தானின் மேல் ஒன்றுகூட இல்லை.

"தண்ணியா இருக்கலாம்க்கா. உப்புத் தண்ணி பட்டா இப்பிடித்தான் கண்டபடி காட்டும்," என்றாள் செந்தமிழ். "விரலாவும் இருக்கலாம். எதுன்னு சொல்ல முடியாது."

ரேணுகா எழுந்து கீழே போனாள். மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு வாங்கிவந்து, வாளித் தண்ணீரில் கரைத்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே எடுத்துக் காயவிட்டு மறுபடி நனைத்தாள். பிறகு தன் போனை எடுத்துச் சிவப்பை அமுக்கினாள். நெஜம்னா பச்சைய அமுக்குங்க என்று அவள் குரல் சொன்னது. அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. திரை எங்கேயோ நகர்ந்தது. மறுபடி அமுக்கினாள். ஏழாவது தடவைதான் பச்சை பதிந்தது.

பதினோரு வருடம் அந்தக் கையோடு இருந்தவள் அவள். நாலு மாதம் ஆப் செய்தபோது, இந்த அறையில், மின்விசிறிக்குக் கீழே, கழுவித் துடைத்த கையால்தான் ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பார்த்திருந்தாள். சின்னப்பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் அவள் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அமுக்கினாள். செந்தமிழுக்கு அளம் தெரியாது. தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்பதை ரேணுகா அப்போது சத்தமாகச் சொன்னாளா, மனதுக்குள் சொன்னாளா என்று செந்தமிழுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. வாளித் தண்ணீரில் கையை வைத்தபடியே அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்கிறாள்.

மறுநாள் தட்சணாமூர்த்தியிடம் சொன்னார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டி பதினொன்று பதினேழுக்கே கிளம்பியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியாது என்றார். ஆப்பை இன்றைக்கே மாற்றுங்கள், ஆனால் அந்த வீட்டில் போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, மாயவன் மிச்ச நாளையும் அதையே நினைத்து உட்கார்ந்திருப்பார் என்றார். வெளியே தெரிந்தால் ஆப் வேண்டாம், அறக்கட்டளையே வேண்டாம் என்று சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். அந்தோணிசாமிகூட, "விட்டுடும்மா. நீ வேணும்னேவா பண்ணே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது மணிவண்ணன் பைக்கை எடுத்தார்.

மாயவன் பந்தல் பிரித்த வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூஜா உள்ளே இருந்தாள். ரேணுகா கீழே உட்கார்ந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்தது ஒன்றும் வரவில்லை.

"மாமா, பாப்பாக்கா கூப்ட்டாங்க. அன்னிக்கி பதினோரு மணிக்கு மேல. போன்ல சிவப்ப அமுக்கியிருக்காங்க. பச்சை விழல. ஆப்பு தப்புன்னு மூடிடுச்சி. மூடச் சொன்னது நாந்தான்."

மாயவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் திரும்ப முதலிலிருந்து சொன்னாள். சிவப்பு என்ன, பச்சை என்ன, திருப்பிக் கூப்பிடுவது என்ன, எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூஜா வாசல்படிக்கு வந்து நின்று கேட்டாள்.

"அப்ப நீ அங்க இல்லியா?" என்று கேட்டார் மாயவன்.

"இருந்தேன் மாமா. அந்த நேரத்துக்கு நாந்தான் டூட்டி."

"உன் காதுல விழலியா?"

"முன்னல்லாம் பேசாத போனா இருந்தாலும் நாந்தான் எடுத்துக் கேப்பேன். ஆப்பு வந்தப்புறம் அதுங்க என்கிட்ட வர்றதில்ல. நான்தான் வர வேணாம்னு வச்சேன்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். அழவில்லை. திட்டவும் இல்லை. பிறகு, அவளிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்.

"ஆப்ப எடுத்துடு, போன் அடிக்கடி நிக்குதுன்னு பூஜா சொன்னா. அவங்கம்மா எடுக்க விடல. ரேணுகா இருக்குது, அது பாத்துக்கும்னா."

பூஜா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ரேணுகா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் வந்துவிட்டாள்.

ஆப்பை மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள். அந்த மூன்று வாரமும் பழையபடி வீண் ஓட்டம் ஏறியது. செந்தமிழ் ஆபீசில் லீவு போட்டுவிட்டு வந்து ரேணுகாவோடு விடிகாலையில் அளத்துக்குப் போனாள். பாத்தியில் இறங்கி, உப்பு வாருகிறவர்களின் கையில் போனைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பல பேருக்குப் பதியவே இல்லை. ஒரு பெண் முழங்கையால் அமுக்கிக் காட்டினாள். வெயிலில் திரையே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னார். ரேணுகாவுக்கு ஒவ்வொன்றும் முன்பே தெரிந்த சங்கதி. ஒவ்வொன்றையும் செந்தமிழ் எழுதிக்கொள்ளும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பச்சைப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். சிவப்பை அமுக்கினால் நேராக அறைக்கு லைன் திறக்கும். பேச்சு வராவிட்டாலும் ஒரு நிமிடம் ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்போதும் சந்தேகமாக இருந்தால், அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று பேருக்கு, போய் ஒரு எட்டு பாருங்கள் என்று போன் போகும். எந்த அழைப்பையும் ஆப் தானாக மூடாது. கூட ஒரு ஆள் டூட்டிக்கு வேண்டியிருந்தது. வீண் ஓட்டம் பதினொன்றிலிருந்து இருபதுக்கு ஏறியது. தட்சணாமூர்த்தி அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது ரேணுகா, "இருபதே இருக்கட்டும் சார்," என்றாள். அவள் கேட்டுக்கொண்டபடி, என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அறையின் சுவரில் ஒட்ட அனுமதித்தார். சின்னப்பாப்பாவின் பெயரைப் போடவில்லை. தேதியும் நேரமும் மட்டும் போட்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்கள் முதல் நாளே அதைப் படிக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

ஊரில் விஷயம் பரவியது. சிலர் ஆப்பை அழித்துவிட்டார்கள். கடைத்தெருவில் ஒரு பெண் ரேணுகாவின் முகத்துக்கு நேராகவே கேட்டாள், படித்தவள் செய்கிற வேலையா இது என்று. இன்னும் சிலர், உண்மையைச் சொன்னாளே, யார் சொல்வார்கள் என்றும் பேசினார்கள். இரண்டுமே அவளுக்குப் பாரமாகத்தான் இருந்தன. புரட்டாசியில் ஒரு நாள், பேச்சில்லாத அழைப்பு ஒன்றில் யாரோ மூச்சுத் திணறுவது அவள் காதில் விழுந்து, கழுவெளி ஏரி ஓரத்தில் கிடந்த ஒரு பெரியவரை அந்தோணிசாமி கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அறையில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ரேணுகா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மூச்சு அவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தது.

மாயவன் அவளோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். அளத்து வேலையை விட்டுவிட்டு ஒரு இறால் பண்ணையில் காவலுக்குப் போனார்.

வருட நினைவுநாளுக்கு நான்கு நாள் முன்பு பூஜா அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அப்பா சொல்லச் சொல்லலக்கா. நானாத்தான் வந்தேன். அம்மாவுக்கு நீங்க வந்தா நல்லாருக்கும்."

வருகிறேன் என்றாள் ரேணுகா. லீவும் எழுதிக் கொடுத்தாள். நினைவுநாளன்று காலை மாற்று டூட்டிக்கு வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். வைகாசி வெயில், அளத்திலிருந்து அழைப்புகள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். காற்று, தண்ணீர் அலம்பும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், மோட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு விடுபட்டுப் போனபோது படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் இரண்டு பெண்கள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்த மாயவன் அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். பூஜா ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டு, மிச்சமிருந்த சோற்றையும் சாம்பாரையும் வைத்தாள். படத்துக்கு முன்னால் வைத்திருந்த வடையில் ஒன்றை எடுத்து இலையில் வைத்தாள். ரேணுகா உட்கார்ந்து சாப்பிட்டாள். முடிந்தவரை மெதுவாகத்தான் சாப்பிட்டாள். மாயவன் வெளியே வரவில்லை.